தூரக்கண்ணாடி வெட்டிய புருவம்

என் வலது புருவத்துக்கு மேலே பிறை வடிவில் ஒரு தழும்பு இருக்கிறது. வயது போய் முகமெல்லாம் சுருங்கிய பிறகும் அது மட்டும் மினுமினுப்பாக அப்படியே நிற்கிறது. புதிதாகப் பழகுகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுக் கண்ணை வேறு பக்கம் திருப்புவார்கள். அந்தத் திருப்பலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்க மாட்டேன். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

வெள்ளைக்காரர் திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப் போகப் போகிறார்கள் என்ற கதை உறுதியான வருடம் அது. எங்களுக்குக் கல்யாணமாகி அதிக காலம் ஆகவில்லை. உட்துறைமுகப் பக்கம் ஓர் ஒழுங்கையில், குறுகிய சந்து அது, வாடகைக்கு இருந்தோம். என் கணவர் டொக்யாட்டில், கடற்படைக் கப்பல் திருத்தும் இடத்தில், சாமான் களஞ்சியத்துக் கிளாக்கர். சனிக்கிழமைகளில் கடற்படைக்காரர் சுட்டுப் பழகும் கடற்கரை வெட்டையில் குழிக்குள் நிற்கும் வேலையையும் விரும்பிக் கேட்டு எடுத்திருந்தார். ஒரு மண் அணைக்குப் பின்னால் ஆளை மறைக்கும் குழி. உள்ளே நிற்பவர்கள் கடதாசி ஒட்டிய பெரிய பலகையை மேலே உயர்த்துவார்கள். வெகு தூரத்தில் நிலத்தில் படுத்திருப்பவர்கள் சுடுவார்கள். பலகையை இறக்கித் துளை விழுந்த இடத்தைப் பார்த்து, நீளத் தடியில் பூட்டிய வட்டத் தகரத்தால் மேலே காட்டுவார்கள். படவே இல்லையென்றால் சிவப்புக் கொடியை ஆட்டுவார்கள். என் கணவர் குண்டு வந்து சேரும் பக்கத்திலேயே நின்றவர். அது புறப்படும் பக்கத்தில் ஒரு நாளும் நின்றதில்லை.

ஆனால் வீட்டுக்கு வந்தால் கதை முழுவதும் துவக்குக் கதைதான்.

"மற்றவையின்ர கடதாசி அம்மை போட்ட முகம் மாதிரி இருக்கும். எங்கட துரையின்ரயை மட்டும் ஒரு வெத்திலையால மூடலாம். எல்லாத் துளையும் அதுக்குள்ள. அது ஆளில்லை, துவக்கு. அந்தத் துவக்குப் பிறந்ததே அதுக்குத்தான்."

துரை என்று அவர் சொன்னது டொக்யாட்டின் ஓர் அதிகாரியை. அவரும் கப்பலேறப் போகிறவர். துவக்கை விற்கப் போகிறாராம்.

எனக்குச் சீதனமாக வந்த வயல் மூதூர்ப் பக்கம் இருந்தது. அதை என் அண்ணர் செய்வித்துக்கொண்டிருந்தார். கதிர் முற்றும் காலத்தில் பன்றி இறங்கி உழுதுவிட்டுப் போகும். அந்த ஊரில் ஆட்கள் பரணில் காத்திருந்து, பன்றி காலடிக்கு வந்த பிறகு சாதாரணத் துவக்கால் வெடி வைப்பார்கள். என் கணவருக்கு அது பிடிக்கவில்லை.

"கிட்ட வருமட்டும் ஏன் காத்துக்கிடக்க வேணும்? இந்தத் துவக்கெண்டா, பரணில இருந்தபடி வெட்டையின்ர அந்தக் கரையில நிக்கிறதையும் விழுத்தலாம்."

"அந்தக் கரை எங்கட வயல் இல்லையே?" என்று கேட்டேன்.

"ஆரின்ர வயலில நிண்டாலும் பண்டி பண்டிதானே."

பயிர்க் காவலுக்கென்றால்தான் துவக்குக்கு லைசென்ஸ் கொடுப்பார்கள். அதுவும் காணிச் சொந்தக்காரருக்கு. எங்கள் பகுதிகளில் வயலும் வளவும் பெண்பிள்ளைகளுக்குப் போகிறவை. காணி உறுதிப் பத்திரம் என் பெயரில் இருந்தது. அரசாங்கக் கச்சேரியில் இருந்த அதிகாரி இவரைப் பார்த்துச் சிரித்தாராம்.

"வயல் மனுசியின்ர பேரில எண்டா துவக்கும் மனுசியின்ர பேரிலதான் ஐயா. வயல் இருக்கிற ஊர் விதானையாரிட்டக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாங்கோ. ஒழுங்கான குடும்பம், துவக்குக் குடுக்கலாம் எண்டு அவர் எழுத வேணும்."

விதானையார் என்றால் ஊருக்கு அரசாங்கம் வைத்த தலைமைக்காரர். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். என்னிடம் அவர் சொன்னது, துரை வீட்டுச் சாமான்கள் விற்கிறார்கள், கண்ணாடி பதித்த அலுமாரி ஒன்று இருக்கிறது, வந்து பார் என்றுதான். என் கைக் காப்புகளும் அந்த அலுமாரிக்காகத்தான் போயின என்று நினைத்திருந்தேன். கூறைச் சேலைக்கு அடுத்த நல்ல சேலையை உடுத்துக்கொண்டு போனேன்.

பங்களா முற்றத்தில் கதிரைகள், கட்டில்கள், பீங்கான்கள் எல்லாம் புல்லில் பரப்பிக் கிடந்தன. அலுமாரியும் நின்றது. நான் அதன் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இவர் உள்ளே போய்விட்டார். திரும்பி வரும்போது துரையும் இவருமாக ஒரு நீளப் பெட்டியைத் தூக்கி வந்தார்கள். உள்ளே பச்சைத் துணி விரித்து, அதில் அந்தத் துவக்கு கிடந்தது. கட்டை மெழுகு பூசியதுபோல வழவழப்பு. குழல் உலக்கையின் நுனியளவு மொத்தம். அதற்கு மேலே இரண்டு வளையங்களுக்குள் ஒரு தூரக்கண்ணாடி. நான் துவக்கு வாங்க வந்தவள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

துரை நல்ல மனிதர். இவருக்கு அது உதவாது என்று அவரே சொன்னார். இது பன்றிக்கு இல்லை, கடதாசிக்குச் செய்த துவக்கு, புதிதாகப் பழகுகிறவனுக்கு ஒரு பழைய துவக்கே போதும் என்று சொன்னாராம். இவர் தலையாட்டிக்கொண்டே பெட்டியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் துரை, லைசென்ஸ் யார் பெயரில் என்று கேட்டார். இவர் என்னைக் காட்டினார். துரை என்னைப் பார்த்தார். நான் அலுமாரிக்குப் பின்னால் போய் நின்றேன்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"சுட்டுப் பார்க்காத ஆளுக்குத் தர மாட்டாராம். சொந்தக்காரியும் ஒருக்காச் சுட வேணுமாம்."

"எனக்கு ஏலாது."

"ஒரு வெடி. ஒண்டே ஒண்டு. கண்ணை மூடித் திறக்க முடிஞ்சிடும்."

ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கடற்கரை வெட்டையில் கயிற்றுப் பாய் ஒன்று விரித்திருந்தது. அதன் தலைமாட்டில் மணல் மூட்டை. சுற்றிவரச் சில சிப்பாய்கள். முதலில் இவர் படுத்தார். இத்தனை வருடம் குழிக்குள் நின்றவர், இப்போது வெளிப்பக்கம். துரை காதுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். வெடி கேட்டது. சுடும் நேரத்தில் இவர் கண்ணை இறுக மூடித் தலையையும் தூக்கியதை நான் பார்த்தேன். தூரத்தில் சிவப்புக் கொடி ஆடியது. குழிக்குள் இருந்தவர்கள் இவருடைய சிநேகிதர்கள்தான். கொடியை நல்ல சந்தோசமாக ஆட்டினார்கள்.

பிறகு நான். இதை எழுத இப்போதும் கூசுகிறது. நின்றபடி சுடலாம் என்று நினைத்திருந்தேன். இந்தத் துவக்கை அப்படிப் பிடிக்க ஆம்பிளைக்கே கஷ்டமாம். குப்புறப் படுக்க வேண்டும். கால்களை அகட்டி வைக்க வேண்டும். சேலை உடுத்த ஒருத்தி, அந்நிய ஆண்கள் நிற்கும் இடத்தில், நிலத்தில் குப்புற. இவர் என் காலடியில் வந்து மறைத்துக்கொண்டு நின்றார். நின்று என்ன, காற்று நாலு பக்கமும் அடித்தது.

கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நாலு விரல் இடைவெளி விடச் சொல்லுகிறார் என்று இவர் சொன்னார். எனக்குக் காதில் விழுந்தது. ஆனால் என் முகத்தை ஒளித்துவைக்க அந்த வெட்டையில் வேறு இடம் இருக்கவில்லை. அந்தக் குழாய் ஒன்றுதான் இருந்தது. நான் முகத்தைக் கொண்டுபோய் அதற்குள் புதைத்தேன்.

உள்ளே பார்த்தால் எல்லாம் பக்கத்து வீடு போல வந்து நின்றது. மண் அணையில் முளைத்த இராவணன் மீசைப் புல், சுருட்டி வைத்த சிவப்புக் கொடி, அந்தக் கொடியில் யாரோ போட்டிருந்த ஒட்டு. தையல்கூடத் தெரிந்தது. நல்ல கைத் தையல் இல்லை. நடுவில் மெல்லிய குறுக்குக் கோடுகள் நடுங்கிக்கொண்டிருந்தன. அவை பலகைக் கடதாசியில் இருந்த கறுப்பு வட்டத்தின் மேல் வந்தபோது விரலை இழுத்தேன். கெதியாக எழும்பிவிட வேண்டும் என்ற ஒரே நினைப்புத்தான்.

துவக்கு பின்னால் உதைத்தது. நெற்றியில் கோடாலி விழுந்தது போல இருந்தது. கண்ணுக்குள் சூடாக ஏதோ ஓடியது. துரை ஓடிவந்து தன் லேஞ்சித் துணியை வைத்து அமத்தினார். எதிர்ப்பக்கம் ஏதோ தூக்கிக் காட்டினார்கள் என்று சிப்பாய்கள் கத்தினார்கள். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். எங்கே பட்டது என்று பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை.

லைசென்ஸ் வரும்வரை துவக்கு பொலிசில் இருக்கும் என்று ஏற்பாடு. எங்களை ஆசுபத்திரியில் இறக்கிவிட்டார்கள். தையல் போட்டவர், "எப்பிடி வந்தது?" என்று கேட்டார். இவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"கதவில இடிபட்டது."

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் கணவரைப் பார்த்தார். "கதவு நல்லாத்தான் இடிச்சிருக்கு," என்றார்.

உலகத்தில் அடி வாங்குகிற பெண்கள் எல்லாரும் சொல்லுகிற சொல் அது என்று அந்த நேரம் எனக்கு ஓடவில்லை. எங்கள் ஒழுங்கையிலேயே ஒருத்தி அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். வேலிக்கு அப்பால் வீடு. புருசன் குடித்துவிட்டு வருவான். அடுத்த நாள் அவளுக்குக் கதவு இடித்திருக்கும், அல்லது அம்மி நழுவியிருக்கும். என்னோடு அவள் அதிகம் கதைத்ததில்லை. எனக்குக் கட்டுப் போட்ட மறுநாள் காலையில், இவர் வேலைக்குப் போகும்வரை பார்த்திருந்து, மஞ்சள் அரைத்த கிண்ணத்தோடு வந்தாள். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. குசினியில் அடுப்புக்குப் பக்கத்துப் பலகையில் என்னோடு ஒட்டி இருந்துகொண்டாள்.

"கதவெண்டு சொல்லாதேங்கோ அக்கா," என்றாள் மெதுவாக. "ஒருத்தரும் நம்புறேல்லை. கிணத்தடியில வழுக்கினது எண்டு சொல்லுங்கோ. பாசி இருக்கிறபடியா கொஞ்சம் நம்புவினம்."

நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வெளியில் வரவில்லை. அவள் கட்டை மெல்ல விலக்கிச் சுற்றிவர மஞ்சள் பூசினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் வந்தாள். தன் கதைகளைச் சொன்னாள். யாருக்கும் சொல்லாதவை என்று சொன்னாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் நெற்றிக் கட்டின் கதை டொக்யாட்டுக்கும் போய்விட்டது. குழிக்குள் நின்ற சிநேகிதர்கள் இவருடைய சிவப்புக் கொடியைப் பற்றி மட்டும் சொல்லிச் சிரித்தார்களாம். படுத்தது யாருடைய மனைவி என்று வெளியில் விடவில்லை. அந்த மரியாதைதான் எங்களுக்கு வினையானது. மற்றவர்கள் இவர்தான் என்னை அடித்தார் என்று முடிவு கட்டி, இவர் போனால் கதையை நிறுத்தினார்கள்.

"நான் நடந்ததைச் சொல்லட்டே?" என்று கேட்டார்.

"ஆம்பிளையளுக்கு முன்னால நிலத்தில படுத்தனான் எண்டு ஊருக்குச் சொல்லப் போறீங்களோ? உங்களைக் கும்பிட்டன்."

"அப்ப நான் அடிச்சனான் எண்டே இருக்கட்டும்."

எனக்காகத்தான் சொன்னார். கொடி ஆடிய கதை என் ஆட்களுக்குத் தெரிய வராது என்ற எண்ணமும் அதற்குள் கொஞ்சம் இருந்தது. நான் குறை சொல்லவில்லை. அவருக்கும் வெட்கம் உண்டுதானே.

மூதூரில் இருந்து லோஞ்ச் படகில் பாய் விற்க வரும் ஒரு முஸ்லிம் மனுசி எங்கள் ஒழுங்கைக்கும் வருவாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாய்க்கட்டைத் தொப்பென்று போட்டாள். "என்ன புள்ள இது? மாப்புள கைநீட்டினானா?" என்றாள். நான் கதவு என்றேன். "ஓம் ஓம், கதவுக்கும் கை முளைக்கிற காலம்," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் போன லோஞ்சில் கதையும் குடாவைக் கடந்தது.

அடுத்த வாரம் அண்ணர் வந்து நின்றார். செருப்பைக் கழற்றவில்லை. என் நெற்றியைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார்.

"மச்சான் எண்டு கூப்பிட வாய் கூசுது," என்றார். "உமக்குத் துவக்கு வேற கேக்குதோ? விதானையார் உம்மட லைசென்ஸ் கடதாசியைத் தூக்கி எறிஞ்சு போட்டார். பெண்சாதியின்ர முகத்தை உடைக்கிறவன்ர வீட்டுக்குத் துவக்குக் குடுக்கச் சொல்லித் தான் எழுத மாட்டாராம். தங்கச்சி, பெட்டியைக் கட்டு. வீட்டை போவம்."

இவர் சுவரோடு நின்று தன் குடையின் கைபிடியைத் திருகிக்கொண்டிருந்தார். துவக்குப் போனால் போகட்டும் என்று எனக்கு இருந்தது. ஆனால் இப்போது பெட்டியைக் கட்டினால் இந்த மனிதனின் பெயர் சாகும்வரைக்கும் அதுதான். கட்டாமல் இருந்தாலும் அதுதான். அண்ணருக்குச் சொல்ல முயன்றேன். "விதானையாரிட்டப் போவம்," என்று மட்டும் சொன்னேன்.

மூன்று பேரும் லோஞ்சில் போனோம். அண்ணர் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம், நடுவில் நான். குடாவில் அன்று கடல் தளம்பல்.

விதானையார் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். வயதான, குரல் பெரிய மனிதர். "சொல்லு பிள்ளை, பயப்படாத," என்றார்.

"அவர் அடிக்கேல்லை ஐயா. நான் துவக்குச் சுட்டனான்."

"ஆர்?"

"நான்."

விதானையார் வயிறு குலுங்கச் சிரித்தார். "பார் தம்பி, உன்ர தங்கச்சி புருசனைக் காப்பாத்தச் சொல்லுற கதையை. கதவு போய் இப்ப துவக்கு வந்திட்டுது. நாளைக்குப் பீரங்கி வரும்."

"உண்மை ஐயா," என்றார் என் கணவர்.

"நீர் கதைக்காதேயும்."

இனி வாயால் ஒன்றும் ஏலாது என்று எனக்கு விளங்கியது. இவருடைய கையில் இருந்த குடையை வாங்கினேன். விறாந்தைச் சீமெந்தில் முழங்காலை ஊன்றி, பிறகு குப்புறப் படுத்தேன். அண்ணர், "ஏய், என்ன செய்யிறாய்?" என்று பதறியது கேட்டது. குடைக் கைபிடியைத் தோளில் வைத்தேன். கன்னத்தைச் சரித்தேன். துரை சொன்னதுபோலக் கால்களையும் அகட்டினேன். தூரக்கண்ணாடிக்கு ஒன்றும் இருக்கவில்லை. இவர் ஓடிப்போய் விதானையாரின் மேசையில் கிடந்த டோர்ச் லைட்டை எடுத்து வந்து, குடைக்கு மேலே, என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். அதன் விளிம்பு என் தையலின் மேல் வளைவு தப்பாமல் பொருந்தியது. வலித்தது. நான் அசையவில்லை.

விதானையார் கதிரையை விட்டு எழும்பிக் குனிந்து பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. சீமெந்து குளிராக இருந்தது. அதில் எறும்புகள் வரிசையாகப் போனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ என் காலடிக்கு வந்து, மேலே ஏறிக் கிடந்த சேலையை இழுத்துக் கணுக்காலை மூடிவிட்டார்கள். விதானையாரின் மனைவி குசினியிலிருந்து வந்திருந்தார்.

"காணும் பிள்ளை, எழும்பு," என்றார். பிறகு புருசனைப் பார்த்து, "ஒரு பொம்பிளை இதுக்கு மேல என்னத்தைக் காட்ட வேணும் உங்களுக்கு?" என்றார்.

விதானையார் தொண்டையைச் செருமினார். "எங்க பட்டது?"

என் கணவர் சொன்னார். "கறுப்பு வட்டத்துக்குள்ள ஐயா. நான் சுட்டது படேல்லை. எனக்குச் சிவப்புக் கொடி ஆட்டினவங்கள்."

அண்ணருக்கு முன்னால் அதைச் சொன்னார். அன்றுதான் எனக்கும் எங்கே பட்டது என்று தெரியும்.

விதானையார் கையெழுத்துப் போட்டார். துவக்கும் வந்தது. அது வந்து என்ன? பன்றி இருட்டில் காலடிக்குத்தான் வரும். அந்தக் கண்ணாடிக்குள் பார்த்தால் கறுப்பைத் தவிர ஒன்றும் தெரியாது. இவர் வரப்பில் கடதாசி குத்திவைத்து அதைச் சுட்டுக்கொண்டிருந்தார். பல வருடம் கழித்து, நாட்டில் குழப்பம் வந்த காலத்தில், எல்லாரையும் துவக்குகளைக் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொன்னார்கள். பச்சைத் துணிப் பெட்டியோடு கொண்டுபோய்க் கொடுத்தோம்.

அண்ணர் தான் கண்டதை வைத்திருப்பாரா? லோஞ்சிலேயே தொடங்கிவிட்டார். நாங்கள் வீடு வந்து சேர்ந்து இரண்டொரு நாளில் ஒழுங்கை முழுவதும் நான் துவக்குக்காரி. பெடியள் என்னைக் கண்டால் "டுமீல்" என்று கத்துவார்கள். நான் கிணற்றடிக்குப் போவதையே குறைத்துக்கொண்டேன். அது எல்லாம் பரவாயில்லை.

வேலிக்கு அப்பாலிருந்தவள், கதை பரவிய அன்று, மஞ்சள் கிண்ணத்தோடு வரவில்லை. பின்னேரம் துணி காயப்போடும்போது வேலிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். அவளுடைய கன்னத்தில் புதிய கன்றல் இருந்தது.

"அப்ப உங்கட வீட்டுக் கதவு நல்ல கதவு," என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கொஞ்சம் சிரித்தாள். பிறகு பாதி ஈரத்தோடு துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு என் குசினிப் பலகையில் அவள் ஒரு நாளும் இருக்கவில்லை. நானும் மஞ்சள் அரைத்துக்கொண்டு போகவில்லை. போய் எந்த முகத்தோடு இருப்பது? கொஞ்சக் காலத்தில் அவர்கள் வீடு மாறிப் போனார்கள்.

ஆண்கள் நிற்க வெட்டையில் படுத்ததும், விதானையார் வீட்டுச் சீமெந்தில் படுத்ததும் இப்போது நினைத்தால் சிரிப்பாகவும் வரும். அந்தப் பலகையில் அவளோடு ஒட்டி இருந்து, அவள் விரல் என் நெற்றியில் பட, அவள் கதைகளை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்ததுதான் இன்னும் முகத்தைச் சுட வைக்கிறது.

இப்போதும் ஆட்கள் என் தழும்பைப் பார்த்துக் கண்ணைத் திருப்புகிறார்கள். அவர்களுக்கு நான் துவக்குக் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் புருசன் போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் பெயர் சுத்தமாக இருக்கட்டும். ஆனால் எப்போதாவது ஒருத்தி கண்ணைத் திருப்பாமல் நின்று பார்ப்பாள். அவள் வீட்டுக் கதவு எப்படிப்பட்டது என்று எனக்கு விளங்கும். அவளுக்கு அந்தக் கதையைச் சொல்வதில்லை. கதிரையை இழுத்துப் போட்டு, இரு பிள்ளை என்கிறேன்.